விரலை எடுக்கும் நேரம்

அவர் பெயரின் நடுவில் ஓர் ஒலி
எங்கள் நாக்கில் ஏறவில்லை.
பொர்ஷிவோய் என்று அவர் சொன்னால்
ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் உரசிக்கொள்ளும்.
மூன்றாம் வாரம் விட்டுவிட்டோம்.
போரி.

தோர்ஸ்ஹாவனிலிருந்து இரண்டு மணி நேரப் படகு.
இறங்கும்போது ஒரு பெட்டி, முட்டிக்கு ஒரு பட்டை.
மொராவா ஆற்றங்கரையில் ஏதோ ஆலை நகரத்துக்குப்
பதினோரு வருடம் இடப்பக்கத் தடுப்பாட்டம்,
இருநூற்றுப் பதினாறு ஆட்டம், ஒரே ஒரு கோல்.
அதுவும் சொந்த வலைக்குள்,
தலையால், மழையில்.
முதல் நாளே அவராகச் சொன்னார்,
வேறு யாரும் சொல்வதற்குள்.

பிறகு முட்டி போனது.
பிறகு மால்டாவில் எட்டு மாதம், எஸ்தோனியாவில் இரண்டு குளிர்காலம்;
சம்பளம் தராத ஊரின் பெயரை மட்டும்
இன்றுவரை சொல்வதில்லை.

நாங்கள் பந்தை நம்பிப் பிழைப்பவர்கள் அல்ல.
நான் கோல்கீப்பர், பகலில் சால்மன் வெட்டுகிறேன்.
ஹெக்னி தச்சன். ரோய் படகில் கயிறு கட்டுபவன்.
என் கையுறை மீன் நாற்றத்தோடுதான் பயிற்சிக்கு வரும்.
"நல்லது, எதிராளி கிட்டே வரமாட்டான்" என்பார்.

அம்புக்குறி போட்ட அவர் பலகையை
முதல் வாரமே காற்று கடலில் போட்டது.
அதன்பின் கத்தினார், அவ்வளவுதான்.
யெஷ்தே! யெஷ்தே!
இன்னும், இன்னும் என்று அர்த்தமாம்.
ரொட்டி போதுமா என்பதற்கு இப்போது
கடைக்காரி பெய்ந்தாகூட
"யெஷ்தே?" என்கிறாள்.

இங்கே பெனால்டி என்றால்
ஒருவன் புல்லில் குப்புறப் படுத்து
ஒற்றை விரலால் பந்தைப் பிடித்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் காற்று உதைத்துவிடும்.
முதன்முதலில் பார்த்தபோது போரி
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அக்டோபர், கடைசி ஆட்டம், எண்பத்தெட்டாம் நிமிடம்
அவர் சிரிக்கவில்லை.
ரோய் படுத்தான். ஹெக்னி ஓடி வந்தான்.
விரல் ஒரு நொடி முந்திவிட்டது.
பந்து அரையடி உருண்டது, ஹெக்னியின் கால்
பாதிப் பந்தையும் பாதிப் புல்லையும் உதைத்தது.
கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம்.

எல்லோரும் போன பிறகு
மழைச்சட்டையோடு அந்த இடத்தில் போய்ப் படுத்தார்,
மடங்காத முட்டியைப் பக்கவாட்டில் நீட்டி,
பந்தின் மேல் விரலை வைத்து.
"நீ உதை."
நான் பெனால்டி உதைத்ததே இல்லை என்றேன்.
"நான் பிடித்ததும் இல்லை."

உதைத்தேன்.
எப்போது எடுப்பது என்று
ரோயிடம் கேட்டுவைத்திருக்க வேண்டும்,
சரியாக எடுத்தார்.
பந்து கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே போய்
ஆடுகள் நடுவே விழுந்தது.

எடுத்துவரப் போனது அவர்தான்,
நொண்டி நொண்டி,
என் பெயரைத் தப்பாக உச்சரித்து
வைதுகொண்டே.