அலகு

கையுறையைக் கழற்றுங்கள், என்கிறார் போர்ஷெக்.
உறையோடு கத்தி தேர்ந்தெடுப்பது
குடையோடு குளிப்பது மாதிரி.

வெளியே ஆஸ்ட்ராவாவின் நவம்பர்.
டிராமை டிப்போவில் விட்டுவிட்டு வந்த கையில்
இன்னும் தண்டவாளத்தின் நடுக்கம்.

முதல் பிடி அலுமினியம். பென்சில் கனம்.
கழுத்தைத் திருகினால் வாய் நான்காய்ப் பிளந்து
அலகைக் கவ்வும்.
விரலில் வேர்த்தால் வழுக்கும்.
இரண்டாவது, இடுப்பில் ரப்பர் கட்டியது.
மேசையில் உருளாது.
"உருண்டு விழும் கத்தியை
எல்லாரும் காலால்தான் தடுக்கிறார்கள்"
என்று தன் இடது ஷூவின் ஓட்டையைக் காட்டுகிறார்.
மூன்றாவது ஸ்கால்பெல்.
ஆஸ்பத்திரியில் பிறந்து
அட்டைக்கு வாழ்க்கைப்பட்டது. வளையும், கோபம் வந்தால் ஒடியும்.
மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒடித்து ஒடித்துத் தள்ளும் கத்தியை
நான் தொட்டதுமே வாங்கி வைத்துவிட்டார்:
"அது பார்சல் பிரிக்க."

நான் ஓட்டும் எட்டாம் எண்ணையே
முப்பத்திரண்டில் ஒரு பங்காய் அட்டையில் கட்டுகிறேன்.
ஜன்னல் இருபத்தாறு,
ஜன்னலுக்கு நான்கு மூலை,
மூலைக்கு இரண்டு வெட்டு.
பெருக்கிப் பார்த்தால் பயம் வரும். பெருக்குவதில்லை.

ஐந்து அலகு அறுபது கொருனா.
நூறு அலகு அறுநூறு.

போன குளிர்காலத்தை
ஒரே ஐந்தில் ஓட்டிவிடப் பார்த்தேன்.
என் கஞ்சத்தனம் மட்டும் கூராக இருந்தது.
மழுங்கிய அலகு வெட்டாது,
அழுத்தச் சொல்லும்.
அழுத்தினேன். அட்டை நார் நாராய் எழுந்தது.
பதினேழாம் ஜன்னலில்
எஃகு அளவுகோலில் மோதி முனை ஒடிந்தது.
மிச்ச அலகு வழுக்கிவந்து
இடது ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்தது.
மூன்று தையல்.
ரொட்டி அறுக்கும்போது, என்றேன் டிப்போவில்.

ஒடிந்த முனை கம்பளத்தில் எங்கோ.
அலகைப் பழைய பயணச்சீட்டில் சுற்றிக்
குப்பையில் போட்டேன்.
அதற்கு மேல் அதை நினைக்கவில்லை.

எட்டு நாள் கழித்து, விடியுமுன் முதல் வண்டியில்
ராடிம் ஏறினான். எனக்கு இரண்டு மாடி மேலே குடியிருப்பவன்,
நகராட்சிக் குப்பை லாரியில் வேலை.
வலது உள்ளங்கையில் கட்டு.
"பையை அமுக்கினேன்," என்றான் என் கதவருகே நின்று.
"சின்னத் தகடு. முனைகூட இல்லை.
முனை இல்லாமலே இந்தப் பாடு!"
சிரித்தான்.

கதவு மூடும் மணியை அடித்தேன்.

இந்த ஊரில் எத்தனையோ பேர்
ராத்திரியில் விமானம் ஒட்டுகிறார்கள்.
எத்தனையோ முனைகள் ஒடிகின்றன.
ஒன்பது நிறுத்தம் இதையே
எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்,
கண்ணாடியில் அந்த வெள்ளைக் கட்டு
கம்பியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தது.
பத்தாவதில் இறங்கி
வழக்கம்போல் கையசைத்தான்,
கட்டுப் போட்ட கையை.

"நூறா?" என்கிறார் போர்ஷெக். "தொழிற்சாலை வைக்கிறீர்களா?"
நூறுதான். ரப்பர் பிடியும்.
இன்னொன்றும் வேண்டும், தீர்ந்த அலகு போட ஏதாவது.
மேசைக்கடியில் துழாவி
இருமல் மாத்திரைத் தகர டப்பா ஒன்றை எடுத்து
மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார்.
காசு வேண்டாம் என்றார்.
அதற்காவது காசு வாங்கியிருக்கலாம்.

இப்போது மூன்று ஜன்னலுக்கு ஓர் அலகு.
முதல் இழுப்பில் மை மட்டும் கீறி,
இரண்டாவதில் உடல்,
மூன்றாவது இழுப்புக்குக் காத்திராமல்
ஜன்னல் தானே கழன்று விழுகிறது,
இடத்தில் வெளிச்சம்.
தீர்ந்த அலகு டப்பாவுக்குள் விழும் ஓசையை
மாடியில் கேட்க முடியாது. தெரியும்.
ஆனாலும் டப்பாவுக்குள் பஞ்சு வைத்திருக்கிறேன்.

அந்த முனை இன்னும் கிடைக்கவில்லை.
காந்தம் கட்டிய நூலால்
கம்பளத்தை வரி வரியாய்ப் பார்த்தாயிற்று:
இரண்டு குண்டூசி, ஒரு பழைய கம்மல்.
யாரும் ஷூவோடு வீட்டுக்குள் நடக்காத இந்த நாட்டில்
நான் நடக்கிறேன்.
போன ஞாயிறு ராடிம் வந்தான்,
வாசலிலேயே குனிந்து ஷூவை அவிழ்க்கத் தொடங்கினான்.

வேண்டாம், என்றேன்,
சற்று உரக்க.