அரைப் புள்ளி

மருதனார்மடச் சந்தை கலைந்து
வெங்காயத்தாள் மணம் மட்டும் வகுப்புக்குள் நிற்கிறது.
பதினொரு விடைத்தாள். பத்தைத் திருத்திவிட்டேன்.
கடைசி, குணமணி அக்காவுடையது.
என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்தவ;
என்னை மிஸ் என்பா.

மூன்றாம் கேள்வி:
மன்தானோ, "கற்கிறேன்". பிரித்துக் காட்டுக.
கோட்டில் தட்டெழுதிய கையின் ஒழுங்கோடு எழுதியிருக்கிறா:
வேர் மத்.
நிகழ்காலம் என்றால் நடுவில் ஒரு னகரம் நுழையும்,
பின்னால் ஓர் ஆன் வந்து ஒட்டும்.
கற்றுக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு மூட்டைமுடிச்சு.
கற்றாயிற்று என்றால் எல்லாம் உதிரும்;
வேர் மிஞ்சும், முன்னால் ஒரு எ.
ஓரத்தில் பென்சிலால், நான் கேட்காதது:
"நாங்கள் காலத்தை வினையின்ரை இடுப்பிலை செருகிறம்.
இவையள் நெத்தியிலை ஒட்டுகினம்."
முழுப் புள்ளி.

நான்காம் கேள்வியில்
நிருபம் ஒன்றிலிருந்து அரை வரி.
எமத்தென், கற்றார். எபத்தென், பட்டார்.
பட்டதிலிருந்து கற்றார் என்று வரவேண்டும்.
அவ எழுதியது:
கற்றதிலிருந்து பட்டார்.

ஒரு எழுத்துத்தான்.
மகரத்துக்கும் பகரத்துக்கும் உதடு மூடவேண்டும்.
ஒன்றில் மூச்சு மூக்கு வழியே தப்பிவிடும்,
மற்றதில் போக இடமின்றி வெடிக்கும்.

முதல் நாள், ஏன் கிரேக்கம் என்று கேட்டிருந்தேன்.
"முப்பத்தெட்டு வயதிலை சிங்களம் படிச்சனான், மிஸ்.
அவற்றை ஃபைலை நானே வாசிக்கவேணும் எண்டு.
படிச்சு மூண்டாம் மாதம்
கவுண்டருக்கு அங்காலை ரெண்டு பேர்
கதைச்சது விளங்கிச்சுது."
என்ன கதைத்தார்கள்?
பென்சிலைச் சீவத் தொடங்கினா.
கூர் வந்த பிறகும் சீவினா.

சிவப்புப் பேனையோடு இருக்கிறேன்.
படித்தார் என்பதில்
காலத்துக்கென்று தனியாய் எழுத்து உண்டு.
பட்டார் என்பதில் தேடினால் கிடைக்காது;
படு என்ற வேரே இரட்டித்து இறுகி
இறந்தகாலமாய்க் கிடக்கிறது.
இதை எந்தத் தாளிலும் கேட்கமுடியாது.
அரைப் புள்ளி போட்டேன்.

அடுத்த கிழமை, தாளோடு மேசைக்கு வந்தா.
"மிஸ், இது பிழையெல்லோ?"
பிழைதான்.
"பிறகேன் அரை?"
வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன்,
கையெழுத்துத் தெளிவு என்றோ ஏதோ.
"வெட்டுங்கோ."
வெட்டினேன். எழுபத்து மூன்றரை, எழுபத்து மூன்று.
கூட்டலையும் ஒருக்கால் சரிபார்த்தா.

பிறகு கதிரையை இழுத்து இருந்து கேட்டா:
படிச்சு முடிஞ்சும், படிச்சது இன்னும் ஆளிலை இருக்குதெண்டால்
இந்த வினை எப்பிடி வரும்?
மெமத்தேகா, என்றேன்.
முதலெழுத்து இரண்டுதரம் வரும்.

மெ. ம.
உதட்டை மூடித் திறந்து, மூடித் திறந்து
சொல்லிப் பார்த்தா.
"மற்றதுக்கு?"

காங்கேசன்துறை வீதியில் பஸ் ஒன்று
ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
அது வேறு மாதிரி மாறும் அக்கா,
அடுத்த பாடத்தில் வருகுது, என்றேன்.
கொப்பியில் அதற்கு ஒரு வரி
வெறுமையாய் விட்டுவைத்தா.