விலகல், மில்லிமீட்டரில்

என் வேலை அளப்பது.
அறுப்பவர்கள் கீழ்த்தளத்தில். நான் மூன்றாம் மாடியில்,
ஜூலைக் குளிரில் சுவர்கள் வேர்த்து வடியும் பெலோத்தாஸில்,
கம்பளிக் கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு
மவுஸைப் பிடித்திருக்கிறேன்.

திரையில் ஒரு மண்டையோடு சுழலும்.
போட்ட திட்டம் நீலம். நடந்தது சிவப்பு.
ஒன்றன்மேல் ஒன்றை வைத்து
இடைவெளியை எழுதவேண்டும், அவ்வளவுதான்.

பதினேழாம் எண்.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது. தெரியும்.
ஹுல்டா ராடின்ஸ், எழுபத்தொரு வயது,
முப்பத்தாறு வருடம் டப்பா ஆலையில்
பீச் பழத்துக்குக் கொட்டை நீக்கியவர்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று சொல்ல
மேலே ஒரு பல்கூட இல்லாத பதினான்கு வருடம்.
தாடை தேய்ந்து காகிதமாகிவிட்டது,
ஆணி நிற்காது.
ஆகவே நீளத் திருகுகள், விரல் நீளம்,
ஈறில் நுழைந்து, சைனஸின் காற்றை உரசிக்கொண்டு
கன்ன எலும்பைப் போய்க் கவ்வவேண்டும்.
கொஞ்சம் தவறினால் கண்.

பக்கத்துக்கு இரண்டு.
ஒரு பக்கம் கணினி சொல்லும் வழி:
துளைக்கருவியின் நுனி பச்சைப் புள்ளியாய்த் திரையில் நகர,
டாக்டர் வாயைப் பார்ப்பதில்லை,
பந்தாட்டம் பார்க்கிறவர்போல் நிமிர்ந்து நிற்கிறார்.
மறுபக்கம் வெறுங்கை:
இடது ஆள்காட்டிவிரல் கண்குழி விளிம்பில் காவலிருக்க,
வருகிறதா, வருகிறதா என்று
தோலுக்கு வெளியிலிருந்து கேட்டபடி.
கண் பார்த்தால் கை செய்யும், சரி.
கண் ஓரிடம் பார்க்க, கை ஓரிடம் செய்வதை
எந்தப் பழமொழியில் சேர்ப்பது?

எந்தப் பக்கம் எது என்பது உறைக்குள் ஒட்டிய சீட்டு.
அதுவும் எனக்குத் தெரியக்கூடாது.
ஆனால் வலப்பக்கம் நூல் பிடித்தாற்போல்,
ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி மூன்று.
இடப்பக்கம் இரண்டு புள்ளி நான்கு.
அடுத்தது
நான்கு புள்ளி ஒன்பது.

மறுபடி அளந்தேன்.
காப்பி குடித்துவிட்டு மறுபடி.

கேட்கக்கூடாது. கீழே இறங்கிப்போய்க் கேட்டேன்.
டாக்டர் இயாரா ஃபகுண்டெஸ் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.
"அந்த இடத்தில் எலும்பு நனைந்த ரொட்டி.
விரலுக்குத் தெரிந்தது. விலகினேன்."
ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லையே, டாக்டர்.
"இல்லை," என்றார், மெல்வதை நிறுத்தாமல்.
பிறகு நிறுத்திவிட்டு:
"ஒன்பதாம் எண்ணிலும் விரலுக்குத் தெரிந்தது என்றுதான் நினைத்தேன்."

ஒன்பதாம் எண்ணை நானும் மறக்கவில்லை.
கண்குழியின் தரையை முட்டி நின்ற சிவப்பு நுனி.
ஆறு வாரம் அந்த மனிதருக்கு
எல்லாம் இரண்டிரண்டு:
பேருந்து, மனைவி, படிக்கட்டு.

மாடியேறி வந்து
'விலகல்' என்ற கட்டத்தில் எழுதினேன்: 4.9.
விலகியதற்கும் விலகிப்போனதற்கும்
அந்தப் படிவத்தில் ஒரே கட்டம்.

ஜனவரியில் பரிசோதனைக்கு வந்தார் ஹுல்டா,
கூடை நிறையப் பீச் பழத்தோடு.
எது கணினி போட்ட பக்கம் என்று சொல்லமாட்டீர்கள்,
ஆனால் எனக்குத் தெரியும், என்றார்.
"இடது. அந்தப் பக்கம்தான் மெல்லுகிறேன்.
பாறை மாதிரி இருக்கிறது. மனிதக் கைக்கு அது வராது."
வரவேற்பறையில் டாக்டர் இயாரா
ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகு கவனமாகப் பார்த்தார்.
நான் பேனாவை மூடித் திறந்தேன்.

ஹுல்டா கத்தியை எடுத்தார்.
நாற்காலி விலையைப் பற்றியோ மழையைப் பற்றியோ
என்னிடம் பேசிக்கொண்டே, பழத்தைப் பாராமலே,
பிளவோரமாய் ஒரு சுற்று, ஒரு முறுக்கு.
கொட்டை கூடைக்குள் விழுந்தது.
ஒரு பாதி சற்றுப் பெரிது.
எவ்வளவு என்று கண் கணக்குப்போடத் தொடங்குவதற்குள்
அதை என் கையில் வைத்துவிட்டு,
மற்றதைக் கடித்தார்,
இடப்பக்கம்.