தொண்டை கட்டிய ஞாயிறு

கடல்மேல் மூடுபனி. படகு வராது.
படகு வராத ஞாயிறுகளில் பாதிரியாரும் வரமாட்டார்.
ஃபேரோத் தீவுகளின் வடமுனையில்,
நாற்பது வீடும் நானூறு ஆடும் உள்ள எங்கள் ஊரில்
அந்நாட்களில் வேதம் வாசிப்பவன் நான்:
ஹோக்னி. இருபத்திரண்டு குளிர்காலமாக.

என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது.
சொல்லாமல் இருந்ததும் இல்லை.
நான் வாசித்தால்
கடைசி வரிசையில் காது மந்தமான ரோய்
கண்ணீர் விடுவான்.
கோயில் கூரையில் தொங்கும் மரக்கப்பல்
என் குரல் இறங்கும்போது அசையும்.
கதவிடுக்குக் காற்று என்று
இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்று எழுந்தபோது
ஒரு பிடி ஆட்டுமயிர் தொண்டையில் அடைத்த மாதிரி.
வெந்நீர், தேன், உப்பு. ம்ஹூம்,
வெறும் காற்றுதான் வந்தது.

மீன் ஆலையில் தலை அரியும் பிரிட்டா எழுந்து போனாள்.
கம்பளிச் சட்டையில் கையை இருமுறை துடைத்து
அப்புறம்தான் புத்தகத்தைத் தொட்டாள்.
அதை வாசிப்பு என்று சொல்ல முடியாது.
ஈரப் பாறையில் நடப்பவள்போல
ஒவ்வொரு சொல்லும் தன் எடையைத் தாங்குமா என்று
கால் வைத்துப் பார்த்தாள்.

குட்டம் கண்ட ஒரு படைத்தலைவனின் கதை.
பொன்னும் குதிரையுமாய் வந்து நின்றவனை
இறைவாக்கினர் வாசலுக்கு வந்துகூடப் பார்க்கவில்லை.
ஆள்விட்டுச் சொன்னாராம்:
அதோ அந்த ஆற்றில் ஏழு முறை முழுகச் சொல்.
வந்ததே அவனுக்குக் கோபம்,
எங்கள் நாட்டில் இல்லாத ஆறா என்று!

இந்த இடத்தில் நான் குரலை உயர்த்துவேன்.
கோபம் எனக்கு நன்றாக வரும்.
அவள் உயர்த்தவில்லை.
ஆறு என்ற சொல்லில் தடுக்கி
நின்றுவிட்டாள்.
அவள் நின்றதால் நானும் நிற்கவேண்டியிருந்தது.
நின்றபோது கண்டேன்,
சேற்றுக் கரை. கலங்கல் நீர்.
கவசத்தின் ஒரு கொக்கியும் கழற்றாமல்
அங்கே நிற்பவன் நான்.

இருபத்திரண்டு ஆண்டு
அந்த ஆற்றை எவ்வளவு அழகாக ஓடவிட்டிருக்கிறேன்!
ஒரு விரல் நனைத்ததில்லை.

ஆராதனை முடிந்து பார்த்தால்
ரோய் அவளுக்கும் கண்ணீர் விட்டிருந்தான்.
வாடைக்கு அவன் கண் எப்போதும் அப்படித்தானாம்.
மூன்று சொற்களின் உச்சரிப்பைத் திருத்தலாமென்று
பிரிட்டாவிடம் போனேன். வாய் திறந்தேன்.
குரல் வரவில்லை. கடவுளுக்குத் தோத்திரம்.
கையைப் பிடித்துக் குலுக்கினேன்.
மீன் வாடை அடித்தது. எனக்கும் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில்
ஆட்டுப் புழுக்கை மிதக்கும் ஓடையில் குனிந்து
முகத்தை அமிழ்த்தினேன்.
பல் கூசும் குளிர். ஒன்று. இரண்டு.
மூன்றாவதில்,
இதை யாராவது பார்க்கிறார்களா
என்று நிமிர்ந்தேன்.

ஓர் ஆடு.
மென்றுகொண்டிருந்தது.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.