ஒன்பதாம் துறை

கொடி ஒரு தீவினுடையது.
கப்பலில் இருக்கும் பதினொரு பேரில்
ஒருவரும் அந்தத் தீவைப் பார்த்ததில்லை.
முதலாளியின் அலுவலகம் பிரேயஸில், மூன்றாம் மாடி, பூட்டு.
காப்பீடு ஆஸ்லோவில்.
சரக்கு எப்போதோ இறங்கிவிட்டது.
கப்பல் மட்டும் கான்ஸ்டான்ட்ஸா துறைமுகத்தில்
இருநூற்றுப் பதினான்கு நாளாக
கடனுக்குப் பிடித்துக் கட்டிய மாடு போல நிற்கிறது.

டீசல் நவம்பரில் தீர்ந்தது.
அதன்பிறகு நாலரை மணிக்கே இரவு.
சமையல்காரர் ஸுராப் பெயிண்ட் டப்பாவில்
பலகைத் துண்டுகளை எரித்துப் பருப்பு வேகவைக்கிறார்.
தார்ப்பாயில் விழுந்த பனியை உருக்கினால் குடிநீர்.
இறங்கிப் போய்விடலாமே?
இறங்கினால் சம்பளம் போச்சு. விசாவும் இல்லை.
கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்று சட்டம் வேறு.
ஏணிக்குக் கீழே ஒரு நாய்
தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு
எந்தத் தாளும் காட்டாமல் ஊருக்குள் போகிறது.

ஆய்வாளர் ருக்ஸாந்த்ரா ஒனோஃப்ரெய் கடிதம் எழுதினாள்.
தீவு சொன்னது: கொடி எங்களுடையது, ஆட்கள் இல்லை.
பிரேயஸ்: அந்தக் கம்பெனி போன மாதமே கலைந்துவிட்டது.
ஆஸ்லோ: தவணை கட்டவில்லை.
அலெக்சாந்திரியா: நீலப் படிவத்தில் அனுப்புக.
பதூமியிலிருந்து பதிலே இல்லை.

எல்லா நாடும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்
அவள் மேசைமேல் இருக்கிறது. நல்ல கனமான தாள்.
காபிக் கோப்பை வைத்த வட்டத்துக்குள்
ஒத்துழைப்பு என்ற சொல்.
அடுத்த பக்கத்திலும் அதே சொல்.
கடலில் கரைத்த பெருங்காயம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்கு.
நாடு ஐந்துபட்டால்
கப்பல் முதலாளிக்கு.

ஒவ்வொரு அலுவலகமும்
தன் தன் மொழியில், தன் தன் முத்திரையோடு
ஒரே கேள்வியைத்தான் திருப்பி அனுப்பியது:
இதற்குப் பொறுப்பு நானா?

பிப்ரவரியில் ஒரு வியாழன்,
வேலை நேரம் முடிந்தபின், பதூமி எண்ணை மறுபடி அழைத்தாள்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
வைக்கப்போனபோது ஒரு பெண்குரல்:
"நானா."

ஜார்ஜியாவில் அது ஒரு பெயர்.
இந்தக் கவிதையின் மொழியில் மட்டும்தான்
அது தயங்குகிறது.

நானா லோமினாட்ஸே, மாலுமிகள் பிரிவு, இரண்டாம் நிலை எழுத்தர்.
கடிதம் வரவில்லை என்றாள்.
வந்திருக்கலாம், மேலதிகாரி அறையில் கிடக்கலாம் என்றாள் உடனே.
பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.
இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்.
"ஸுராப். ஸூரிக்கில் வரும் ஸ."
"பாஸ்போர்ட்டில் கடைசி எண் ஒன்றா, ஏழா?"
"ஏழு. குறுக்கே கோடு போட்ட ஏழு."
அந்தப் பக்கம் மழை பெய்வது கேட்டது.
ஆறு பெயருக்கு நாற்பது நிமிடம் ஆனது.

நானாவுக்கு அலெக்சாந்திரியாவில் வஜீஹைத் தெரியும்;
முந்தைய வருடம், வேறொரு கப்பல்.
வஜீஹுக்கு நீலப் படிவம் தெரியும்,
ஆஸ்லோவில் ஒரு வக்கீலையும் தெரியும்.
தவணை தவறினாலும் நான்கு மாதச் சம்பளம் உண்டு என்கிற உட்பிரிவை
கடைசி வரி வரைக்கும் படித்திருந்தது
அந்த வக்கீல் ஒருத்திதான்.
எந்த மண்டபத்திலும் யாரும் கைதட்டவில்லை.
அழைப்புக் கட்டணத்தை ருக்ஸாந்த்ரா
தன் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரலில் பத்துப் பேர் இறங்கினார்கள்.
உழைத்தது பதின்மூன்று மாதம், கிடைத்தது நான்கு.
ஸுராப் கரிபிடித்த டப்பாவை அவளிடம் நீட்டினார்.
எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள்.
இப்போது அதில் பேனாக்கள்.

பதினொன்றாமவர் எபோ, கானாக்காரர்.
கப்பலுக்குக் காவல் என்று
நீதிமன்றம் அவர் பெயரை எழுதிவிட்டது.
மேல்தளத்தில் உட்கார்ந்து
நாய்க்கு ரொட்டி எறிகிறார்.
அக்ராவில் யாரை அழைப்பதென்று அவளுக்குத் தெரியாது.
வஜீஹுக்கும் தெரியவில்லை.

இன்று வியாழன்.
அலுவலகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.
பதூமி எண்ணை அழுத்திவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.
மணி அடிக்கிறது.