மூன்று ஓட்டைகள்

வேலந்தாவளம் தாண்டி, கைவிட்ட கோழிப்பண்ணையில்
எங்கள் விமானம் நிற்கிறது.
ஒரு இறக்கை பூட்டியதும் கதவு சாத்தவில்லை;
மற்றதை வெளியே தார்ப்பாய் சுற்றிப்
பனைமரத்தோடு கட்டியிருக்கிறோம்.
ஆடி மாதம்.
கணவாய்க் காற்று இரவெல்லாம் அதைப் பறக்கச் சொல்லி இழுக்கும்.

முன்பலகையில் இரண்டு திரைகள்.
வேகம், உயரம், அடிவானம், எஞ்சின் சூடு
எல்லாம் வண்ண வண்ணமாய்.
"இது செத்தா அது இருக்குல்ல, எஸ்தர்?"
கமாலுதீன் லாரி எலக்ட்ரீஷியன்.
மின்சாரத்தின் மேல் அவனுக்கு ஒரு மச்சான் உறவு.
"ரெண்டுக்கும் ஒரே பேட்டரிதானே" என்றேன்.
இரண்டாவது பேட்டரி கொண்டுவந்தான்.
ஒரே ஃபியூஸ் பெட்டி என்றேன்.
மூன்று நாள் பேசவில்லை.

கஞ்சிக்கோட்டில் பத்தொன்பது வருடம்
பாய்லர் மானிகளுக்கு அளவு பார்த்தவள் நான்.
ஒவ்வொரு முள்ளும் தன் வழியில் பொய் சொல்லும்.
பழகிவிட்டால்
எத்தனை கழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.
திரை செத்தால் எதைக் கழிப்பது?

ஆகவே பலகையில் மூன்று ஓட்டை வெட்டினேன்,
கரண்ட் கேட்காத கருவிகளுக்கு.
முதலில் உயரமானி.
அடுத்தது வேகமானி, உக்கடம் பழைய இரும்புக் கடையில்,
எந்தக் கிளைடரில் இருந்ததோ, கண்ணாடியில் கீறலோடு.
திசைகாட்டிக்கு ஓட்டை வேண்டாம், மேலே தொங்கும்.
செக்போஸ்டில் எக்சைஸ்காரர் பையைத் துழாவி
"ஸ்பிரிட் உண்டோ?" என்றார்.
இல்லை என்றேன்.
திசைகாட்டியின் வயிற்றில் அரை டம்ளர் இருந்தது.

மூன்றாவது ஓட்டைக்குக் கமால்
சுழலும் அடிவானம் கேட்டான்.
விலையைக் கேட்டு நானே சைக்கிளை ஓரங்கட்டினேன்.
எஞ்சினில் பாதி.

செவ்வாய்க்கிழமை, அறுவடை முடிந்த கடலைக்காட்டில்
ஓட்டிப் பார்த்தோம். பறக்க அல்ல, ஓட மட்டும்.
புழுதி பின்னால் எழுந்தது.
என் முக்காடு பிய்த்துக்கொண்டு போனது.
வேகம்: பூஜ்யம் என்றது முதல் திரை.
பூஜ்யம், இரண்டாவது.
நான் நம்பி வாங்கிய முள்ளும்
கீறலுக்கு அடியில் படுத்தே கிடந்தது.

மூன்று சாட்சி, ஒரே பொய்.

இறக்கைக்கு அடியில் விரல் பருமன் குழாய்.
எதிர்க்காற்றைக் குடித்து வேகம் சொல்வது அதுதான்,
மூன்றுக்கும் அது ஒன்றுதான்.
கம்பி விட்டுக் குடைந்தேன்.
மண் வந்தது, நனைத்துப் பூசிய நேர்த்தியான மண்.
அதற்குப் பின்னால் சுருண்ட பச்சைப்புழு ஒன்று,
சாகாமல், அசையவும் முடியாமல்.
குளவி தன் பிள்ளைக்கு வைத்த சோறு.

கமால் சிரிக்கவில்லை. நானும்தான்.
எழுபதுக்குக் கீழே போனால் கல்லாய் விழும் வண்டி இது.
மேலே வைத்து இது நடந்திருந்தால்
முள்ளா திரையா என்று
நாங்கள் போட்ட சண்டை முழுவதும்
வாளையார் மலையில் சிதறிக் கிடந்திருக்கும்.

வலது இறக்கையில் இன்னொரு குழாய் வைத்தோம்,
முள்ளுக்கு மட்டும்.
என் பழைய சுடிதாரைக் கிழித்து
இரண்டுக்கும் சிவப்பு உறை.
உறையின் வாலில்தான் எஞ்சின் சாவி.
கழற்றாமல் கிளம்ப முடியாது.
இது கமாலின் யோசனை,
ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

மூன்றாவது ஓட்டையைத் தகரம் வைத்து
நான்கு திருகாணியில் மூடினோம்.
லாரிக்குப் பெயர் எழுதும் பாபுராஜ்
அதில் மஞ்சள் பெயின்ட்டில்
ஒரு வரி மலையாளம், ஒரு வரி தமிழ்:
மேகம் என்றால் இன்று வேண்டாம்.
மூலையில் கேட்காமலே ஒரு தாமரையும் போட்டுவிட்டான்.

பெயின்ட் காய்கிறது.
வலது பக்கச் சிவப்பு உறைமேல்
ஒரு குளவி வந்து உட்கார்ந்து
தையலை ஓரம்வரை நடந்து பார்க்கிறது.
இன்னும் போகவில்லை.