அரை நாள் லீவு

பல் காட்டப் போவதாக எழுதிக் கொடுத்து
எடுத்த அரை நாள் லீவு.
மலிபன் வீதியில் நிற்கிறேன்,
எல்லாப் பல்லும் தெரிய.

"வழி, வழி" என்று நாட்டாமி ஒருவர்
பதினாறு ரீம் தாளைத் தள்ளிக்கொண்டு வர
ஒதுங்கிய இடத்தில்தான் அந்தக் கடை.
பில் புத்தகம், கார்பன், கலியாணக் காட் மட்டை.
மேசைக்குக் கீழே வாய் திறந்த பெட்டி ஒன்று.
"துறைமுக ஏலத்தில் வந்தது மிஸ்.
என்ன சாமான் என்று எனக்கும் விளங்கல்ல.
தெரிஞ்சா விலையும் நீங்களே சொல்லுங்க"
என்றார் ஃபஸ்லான் நானா.

குந்தியிருந்து கிளறினேன்.

ஜெலி போல ஒரு தகடு. உரித்தால்
பன்னத்தின் இலை ஒன்று விரலோடு வருகிறது.
அதை ஒட்டிப் பிடிக்கக் கண்ணாடிக் கட்டை.
எங்கே விழப்போகிறது என்று மேலிருந்தே பார்க்கலாம்.
(பதினொரு வருடமாக நான்
குருட்டாம்போக்கில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.)
நகக்கண் அளவு வாயுள்ள ஓர் உளி.
எலும்பு நிறத்தில் தட்டைக் கம்பு ஒன்று:
ஐஸ்கிரீம் குச்சி என்றார் அவர்,
டொக்டர் நாக்கை அமத்துவது என்றேன் நான்.
மட்டையை மடித்து அதால் ஓர் இழுப்பு.
புதுச் சாரத்து மடிப்புப்போல விழுந்தது கோடு.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு அவர் தன் பில் புத்தகத்தையே
ஒவ்வொரு பக்கமாக மடிக்கத் தொடங்கினார்.

சின்னப் போத்தலில் செம்புத் தூள்.
சூடு காட்டினால் எழும்பும் என்று எழுதியிருந்தது.
எது எழும்பும் என்று எழுதவில்லை.

"நிறுத்துப் போடவா, எண்ணிப் போடவா?"
ஆயிரத்து நானூறுக்கு முடித்தோம்.
சில்லறை இல்லாததற்கு ஆறு அழிறப்பர்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடற்பக்க யன்னல்.
இந்த உப்புக் காற்றில் தூள்
வேண்டாத இடத்தில்தான் நல்லாக ஒட்டும்.
ஈர மையில் தூவி, தட்டி,
சூடு ஊதும் கருவி இல்லாததால்
இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து
அதன் மேலே காட்டினேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு ஓர் ஓரத்திலிருந்து உருகி, மினுங்கி,
இலை எழும்பி நின்றது.
கண்ணை மூடித் தடவினேன். சுட்டது.

அழிறப்பரில் என் பெயரை வெட்டி அடித்தேன்.
கொம்பு பின்னாலும் அரவு முன்னாலுமாக
யாரோ ஒரு கோசலை வந்து நின்றாள்.
திருப்பினாலும் மாறாத எழுத்து எது?
இருநூற்று நாற்பத்தேழில் தேடினேன்.
ஃ தப்பும். ப தப்பும்.
நானாவின் பெயரில் முதல் இரண்டும் அவைதான்.
கொடுத்துவைத்த மனுசன்.

ஆறு நாற்பது ரயில் போனது. மேசை நடுங்க
அடித்துக்கொண்டிருந்த இலை இரண்டானது.
அதை எறியவில்லை.

திங்கள். அலுத்கடை. பிரதிகள் பிரிவு.
"பல் எப்படி?" என்றார் பெரிய கிளாக்கர்.
"எழும்பி நிற்குது" என்று வாய்க்குள் வந்துவிட்டது.
கையில் வழக்கமான கட்டை, கறுத்த பிடி.
முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன்.
இடம்வலம் மாறி நின்றது 'உண்மைப் பிரதி'.
ப்-இன் புள்ளி தேய்ந்து போயிருந்தது.
எப்போதிலிருந்து?
எத்தனை காணி, எத்தனை விவாகரத்து
'உண்மைப பிரதி'யாக வெளியே போயிருக்கும்?

மத்தியானம் கதவைச் சாத்தி
அழிறப்பரில் ஊசிமுனையளவு கிள்ளி ஒட்டினேன்.
துண்டுத் தாளில் அடித்துப் பார்த்தேன்.
புள்ளி கொஞ்சம் பெரிதுதான்.
இருக்கட்டும்.

நாலு மணிக்கு நானா கோல் எடுத்தார்:
"மிஸ், இன்னொரு பெட்டி உடைச்சிருக்கன்."

இன்னும் எத்தனை பல் இருக்கிறது என்று
நாக்கால் எண்ணிப் பார்த்தேன்.